அன்லொக் போன் இருந்தால் போதுமா? பாரிஸ், சூரிச், லண்டன் போகிறோம்

கயல்_கொழும்பு06

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் நானும் வருகிற மாதம் பாரிஸ் போகிறோம். அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு. அங்கிருந்து சூரிச்சில் சித்தி வீடு, பிறகு லண்டன். திரும்பும்போது சென்னையில் இறங்கிக் கொஞ்சம் துணி எடுத்துக்கொண்டு வருவதாக எண்ணம்.

என் போன் கொள்ளுப்பிட்டியில் புதிதாக வாங்கிய சாம்சுங். இரண்டு சிம் போடலாம். அம்மாவுடையது அமெரிக்காவில் இருக்கும் மாமா கொடுத்தனுப்பிய ஐபோன் 13. இங்குள்ள சிம் அதில் வேலை செய்கிறது. கடைக்காரர், "அன்லொக் போன்தானே, எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு சிம்மைப் போட்டால் சரி" என்கிறார். அவ்வளவுதானா?

இன்னொரு கவலையும் இருக்கிறது. அப்பா வெள்ளவத்தை வீட்டில் தனியே இருக்கப் போகிறார். கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் நான்தான் வங்கி ஆப்பில் கட்டுவது. ஓடிபி என் இலங்கை நம்பருக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றி வைத்தால் அது என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_புடவைக்கடை

ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள் தங்கச்சி. சரக்கெடுக்கச் சென்னை போகும்போதெல்லாம் நான் அப்படித்தான் செய்கிறேன். புறப்படும் முன்பே ஆப்பில் ரோமிங்கைத் திறந்து, அந்த நாட்டுக்கான டேட்டா பெக்கேஜையும் போட்டுவிட வேண்டும். சென்னையில் இறங்கியதும் போன் தானாக ஒரு இந்திய நெட்வேர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சிம் மாற்றுகிற வேலையே இல்லை.

இந்தியாவில் வெளிநாட்டுக்காரர் சிம் எடுப்பது லேசு இல்லை. பாஸ்போர்ட், விசா, போட்டோ கேட்பார்கள். அங்கே தெரிந்த ஒருவருடைய நம்பரும் கேட்பார்கள். எல்லாம் கொடுத்தாலும் உடனே உயிர் வரும் என்று சொல்ல முடியாது. தி. நகரில் நின்றுகொண்டு சிம் எப்போது வேலை செய்யும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வந்த வேலை கெட்டுப்போகும்.

முதலாம்குறுக்கு

சென்னைக்கு அண்ணன் சொல்வது சரி. ஐரோப்பாவில் அவ்வளவு நாள் நிற்பவர்களுக்கு ரோமிங் மட்டும் என்றால் கை கடிக்கும்.

நான் புறக்கோட்டையில் போன் திருத்துகிற ஆள். தங்கச்சி, முதலில் அம்மாவின் ஐபோனைப் பாருங்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். அமெரிக்காவிலிருந்து வருகிற போன்களில் நிறைய தவணைக்கு எடுத்தவை. அவற்றை விற்ற கம்பனி தன் நெட்வேர்க்கோடு பூட்டி வைத்திருக்கும். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட். கீழே போனால் கேரியர் லொக் என்று ஒரு வரி இருக்கும். அங்கே சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் வந்தால் நல்லது. சிம் பூட்டப்பட்டது என்று வந்தால், இங்கே எப்படி வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும்.

ஊசியால் சிம் தட்டை வெளியே எடுத்து, சிம்மை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். அடியில் பேப்பர் மாதிரி மெல்லிய ஒரு தகடு ஒட்டியிருக்கிறதா?

கயல்_கொழும்பு06

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. சிம்முக்குக் கீழே இன்னொரு தகடு இருக்கிறது. சிம் அளவுதான், நகம் கனம்கூட இல்லை. ஒரு பக்கத்தில் செப்பு நிறக் கோடுகள், ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்னப் புள்ளி. கேரியர் லொக் வரியில் பூட்டப்பட்டது என்றுதான் வருகிறது. அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. போன் வந்த புதிதில் அப்பா அருகிலுள்ள ஒரு கடையில் கொடுத்துச் சரி பண்ணிக்கொண்டு வந்தாராம்.

முதலாம்குறுக்கு

அதுதான் சிப். போனுக்கும் சிம்முக்கும் நடுவில் நின்று, இது அமெரிக்கக் கம்பனியின் சிம்தான் என்று போனை நம்பவைக்கிறது. பூட்டு அப்படியே கிடக்கிறது. கடையில் இதையும் அன்லொக் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். இது எனக்கு மனதுக்குப் பிடிக்காத வியாபாரம். வாங்குகிறவர் வெளிநாட்டில் போய் நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியவரும்.

வேறு நாட்டு சிம்மைப் போட்டால் சிப்பைத் திரும்பவும் அமைக்க வேண்டி வரும். ஐபோன் அப்டேட் ஒன்று வந்தாலே சில நேரம் படுத்துவிடும். அம்மாவால் பாரிஸில் அதைச் செய்ய முடியாது, அக்காவாலும் முடியாது. இ-சிம்மும் (தட்டில் வைக்காமல் போனுக்குள்ளேயே ஏற்றுகிற சிம்) உதவாது, ஏனென்றால் சிப் வேலை செய்வது தட்டில் வைக்கிற சிம்முக்கு மட்டும்.

சரியான வழி ஒன்றுதான். மாமாவிடம் சொல்லி, அந்தப் போனை எந்தக் கம்பனியில் எடுத்தாரோ அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். தவணை முழுதாகக் கட்டி முடிந்திருந்தால் அவர்கள் பக்கத்தில் திறந்து, ஆப்பிளின் பதிவிலும் மாற்றிவிடுவார்கள். பிறகு சிப்பை எடுத்துவிட்டு, வைபையில் இணைத்து வேறு சிம் போட்டால் போன் தானாகவே அறிந்துகொள்ளும். இந்த வழியில் திறந்தது திரும்பப் பூட்டாது. தவணை பாக்கி என்றால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். பாக்கியோடு விட்ட போனைக் கறுப்புப் பட்டியலிலும் போட்டுவிடுவார்கள்.

கனடாவிலிருந்து வந்த போன் என்றால் இவ்வளவு பயம் இல்லை. அங்கே 2017 டிசம்பர் முதல் திறந்த போன்தான் விற்க வேண்டும் என்று விதி. லண்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய போன் விற்கத் தடை. ஜப்பானும் அதே 2021 ஒக்டோபரில் நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய பழைய போன்களைத்தான் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஓய்வு_பொறியியலாளர்

தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் பல வருடம் ரேடியோ பக்கத்தில் வேலை செய்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள், ஏனென்றால் கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

பூட்டு இல்லாத போன் எந்த சிம்மையும் ஏற்கும். அந்த சிம்முக்குரிய நெட்வேர்க்கின் அலையைப் பிடிக்கப் போனுக்குள் அதற்கான வசதியும் இருக்க வேண்டும். இலங்கையில் 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸ், அந்த அலைவரிசைக்கு வைத்த எண் பேண்ட் 3. 900-உம் உண்டு. ஐரோப்பாவிலும் பேண்ட் 3 தாராளமாக இருப்பதால் இங்கே வாங்கிய போன் பாரிஸ் தெருவில் வேலை செய்யும். ஆனால் கட்டிடத்துக்குள்ளும் நகருக்கு வெளியிலும் அங்கே தாங்கிப் பிடிப்பது 800 மெகாஹேர்ட்ஸ், பேண்ட் 20. தாழ்ந்த அலைதான் சுவரைத் தாண்டி உள்ளே வரும். பேண்ட் 20 இல்லாத போனுக்குத் தெருவில் முழுக் கோடு காட்டும், வீட்டுக்குள் ஒன்றும் வராது. கயல் பிள்ளை, உங்கள் சாம்சுங்கின் மொடல் நம்பரை எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, அதன் விவரப் பக்கத்தில் 20 இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் விற்கிற போன் நாட்டுக்கு நாடு வேறு மொடல் நம்பரோடு வரும், உள்ளே இருக்கும் அலைவரிசையும் மாறும். அமெரிக்கா போகிறவர்கள் 12, 13, 66, 71 என்ற எண்களைத் தேட வேண்டும். ஆசியாவுக்குச் செய்த மலிவான மொடல்களில் இவை எல்லாம் இருக்கும் என்று நம்ப முடியாது.

இரண்டாவது விஷயம்தான் இப்போது ஆட்களை அதிகம் மாட்டிவிடுகிறது. குரல் அழைப்பு. பல வருடமாகப் போன்கள் 4ஜியில் டேட்டாவை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு கோல் வந்தால் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டுத் திரும்பின. இப்போது இறங்குவதற்கு அடியில் ஒன்றும் இல்லாத நாடுகள் கூடிக்கொண்டு போகின்றன.  அமெரிக்கா 2022-இல் 3ஜியை நிறுத்தியது. சிங்கப்பூரில் 2ஜி 2017-இலேயே போய்விட்டது, 3ஜி 2024-இல் போனது. இந்தியாவில் ஜியோ 2016-இல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான்.

அப்படியான இடங்களில் பேச்சும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதற்குப் பெயர் வோல்ட்இ. போனில் அந்த வசதி இருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டு நெட்வேர்க் உங்கள் மொடலைத் தன் பட்டியலில் ஏற்றிருக்க வேண்டும், போனின் மென்பொருளிலும் அந்த நெட்வேர்க்குக்கான அமைப்பு இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வட்ஸ்அப் பறக்கும், மேப் திறக்கும், சாதாரண கோல் மட்டும் போகாது. ஆட்கள் சிம்மில் பிழை என்று நினைத்துக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள்.

லண்டனில் 3ஜியை மூடினாலும் 2ஜியை உடனே மூடவில்லை. அதற்கு 2033 வரை அவகாசம் வைத்திருக்கிறார்கள். அதனால் அம்மா அங்கே கோல் எடுப்பதில் பெரிய சிக்கல் வராது.

தெஹிவளை_அம்மா

ஐயா சொன்ன அதே பிரச்சினைதான் எனக்கு மெல்பேர்ணில் நடந்தது. மகன் வாங்கித் தந்த அவுஸ்திரேலிய சிம்மை என் பழைய போனில் போட்டால் ஏற்கவே இல்லை. போன் பூட்டும் இல்லை, சிப்பும் இல்லை. கடைசியில் மகன் தன்னிடமிருந்த வேறு போனைத் தந்தான். ஏன் அப்படி?

ஓய்வு_பொறியியலாளர்

அவுஸ்திரேலியா 2024 ஒக்டோபர் 28 முதல் 3ஜியை முழுதாக நிறுத்தியது. அதோடு அரசாங்கம் ஒரு விதியும் போட்டது. அவசர எண்ணான 000-க்கு 4ஜி வழியாகப் பேச முடியாத போனை நெட்வேர்க்குகள் ஏற்கவே கூடாது. ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 000 அடிக்கும்போது கோல் போகாமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அதனால் டேட்டா நன்றாக ஓடக்கூடிய போனும் தடைபடும். வெளிநாட்டில் வாங்கிய மொடல்கள்தான் இதில் அதிகம் அகப்பட்டன. கடுமையான விதிதான், ஆனால் நான் அதை ஆதரிக்கிறேன். அவுஸ்திரேலியா போகிற பெற்றோர் டிக்கெட் எடுக்கும் முன்பே மகனிடமோ மகளிடமோ மொடல் நம்பரைக் கொடுத்து, அங்குள்ள கம்பனியின் பக்கத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தெஹிவளை_அம்மா

மிக்க நன்றி ஐயா. அன்றைக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை.

லாச்சப்பல்_அண்ணன்

பாரிஸ் பக்கத்து விஷயத்தை நான் சொல்கிறேன். லா சப்பலில் இறங்கினால் எங்கள் ஆட்களின் கடை ஒவ்வொன்றிலும் சிம் தொங்கும். லைக்கா, லெபாரா இரண்டும் இலங்கைத் தமிழர் தொடங்கியவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லெபாரா 2001, லைக்கா 2006. இவற்றுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது, பெரிய கம்பனிகளின் நெட்வேர்க்கில் வாடகைக்கு ஓடுகின்றன. அதனால் சில போனில் சிம் போட்டதும் கோல் போகும், இன்டர்நெட் வராது. பயப்பட வேண்டாம், ஏபிஎன் என்ற இன்டர்நெட் அமைப்பைக் கையால் எழுதிவிட்டால் வந்துவிடும். கடையிலேயே நின்று போட்டுத் தரச் சொல்லுங்கள், இன்டர்நெட் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பதிவுக்குப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

இனி சூரிச். இங்கேதான் விருந்துக்கு வருகிறவர்கள் அடிபடுகிறார்கள். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம்மை இன்னொரு நாட்டில் உள்ளூர் விலைக்கே பாவிக்கலாம். பிரான்ஸ் சிம்மோடு ஜேர்மனிக்குப் போனாலும் இத்தாலிக்குப் போனாலும் ஒன்றுதான். நோர்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இந்தத் திட்டத்துக்குள் வருகிறது. சுவிஸ் வராது! ரயில் பாசல் எல்லைக்குள் நுழைந்ததும் போன் சுவிஸ் நெட்வேர்க்கைப் பிடிக்கும், கட்டணம் அந்த நிமிடமே மாறும். ஜெனீவாவில் இன்னும் மோசம். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சுக்குள்ளே நிற்கும்போதே போன் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துவிடும். லண்டனும் பிரெக்சிட்டுக்குப் பிறகு கட்டாயப் பட்டியலில் இல்லை. சில பிரெஞ்சுத் திட்டங்களில் சுவிஸும் லண்டனும் சேர்ந்தே வரும், சிலவற்றில் வராது. சிம் வாங்கும்போது வாய் திறந்து கேளுங்கள்: "சுவிஸ் இருக்கா, லண்டன் இருக்கா?" இல்லை என்றால் சூரிச்சில் டேட்டாவை நிறுத்திவிட்டுச் சித்தி வீட்டு வைபையில் இருங்கள்.

கொட்டாஞ்சேனை_புடவைக்கடை

ஏன் இவ்வளவு பாடு? இப்போது எல்லோரும் ஆப்பில் வாங்குகிற பயண இ-சிம் போடுகிறார்களே. ஐரோப்பா முழுவதற்கும் ஒன்றே போதும் என்கிறார்கள்.

ஓய்வு_பொறியியலாளர்

நல்ல வழிதான், டேட்டாவுக்கு. பெரும்பாலான பயண இ-சிம்களில் போன் நம்பர் கிடையாது. அக்கா வீட்டுக்கு வழி கேட்டு ஒரு சாதாரண கோல் எடுக்க முடியாது, அந்த நாட்டு எஸ்எம்எஸ்ஸும் வராது. அதோடு பல இ-சிம்களில் உங்கள் இணைப்பு வேறொரு நாட்டைச் சுற்றித்தான் போகும். நீங்கள் பாரிஸில் இருப்பீர்கள், இணையத் தளம் உங்களை ஹொங்கொங்கில் இருப்பதாக நினைக்கும். வங்கி ஆப் அதைப் பார்த்துச் சந்தேகப்படலாம். எடுப்பதென்றால் கொழும்பில் வீட்டு வைபையிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். ஏற்றியதை அழிக்கவும் வேண்டாம். பலவற்றின் கியூஆர் ஒரு தடவைக்குத்தான்.

கயல்_கொழும்பு06

எல்லோருக்கும் நன்றி. என் சாம்சுங்கில் பேண்ட் 20 இருக்கிறது. மாமாவிடமும் பேசினேன், தவணை முடிந்துவிட்டதாம், இன்றைக்கே கம்பனிக்கு எழுதுவதாகச் சொன்னார். ஓடிபி விஷயத்தை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

முதலாம்குறுக்கு

உங்கள் போனில் இலங்கை சிம்மைக் கழற்றவே வேண்டாம் தங்கச்சி. முதல் இடத்தில் அது, இரண்டாவது இடத்தில் பிரான்ஸ் சிம். புறப்படும் முன் இலங்கை சிம்முக்கு ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். அங்கே போய்த் திறக்கலாம் என்று விடாதீர்கள், சில நேரம் அதற்கே ஒரு எஸ்எம்எஸ் வர வேண்டியிருக்கும். பிறகு டேட்டாவைப் பிரான்ஸ் சிம்முக்கு மாற்றி, இலங்கை சிம்மின் டேட்டா ரோமிங்கை மூடிவிடுங்கள். டேட்டா மூடினாலும் எஸ்எம்எஸ் வரும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பொதுவாகக் காசு இல்லை, உங்கள் கம்பனியிடம் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிரீபெய்ட் என்றால் ரீலோட் போட்டு வையுங்கள், காலம் முடிந்து நம்பர் செத்துவிடக் கூடாது.

அம்மாவின் ஐபோன் திறந்த பிறகு அதிலும் இப்படியே செய்யலாம். இலங்கை நம்பரை இ-சிம்மாக மாற்றிவிட்டுத் தட்டில் பிரான்ஸ் சிம்மை வையுங்கள். டயலொக்கிலும் மொபிடெல்லிலும் இ-சிம் தருகிறார்கள். ஐபோனில் ஒரு சுவிட்சைக் கவனமாகப் பாருங்கள்: ஒரு சிம்மில் டேட்டா பலவீனமானால் மற்ற சிம்முக்குத் தானாக மாறுவது. அது திறந்திருந்தால் அம்மா அறியாமலே இலங்கை சிம்மில் டேட்டா ஓடக்கூடும். மூடிவிடுங்கள்.

ஓய்வு_பொறியியலாளர்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். கோல் டைவர்ட். நீங்கள் எடுக்காத கோல் வேறு நம்பருக்குப் போகும்படி வைத்திருந்தால், அந்த அழைப்பு முதலில் பாரிஸ் வரை வந்து, அங்கிருந்து இலங்கைக்குத் திரும்பும். வந்ததற்கும் திரும்பியதற்கும் உங்களிடம்தான் அறவிடுவார்கள். விமானம் ஏறும் முன் ##002# அடித்தால் எல்லா டைவர்ட்டும் நீங்கும்.

விமானத்துக்குள் ஏரோபிளேன் மோட் கட்டாயம். சில விமானங்களிலும் கப்பல்களிலும் செய்மதி வழியாக ஓடும் நெட்வேர்க் ஒன்று இருக்கும். போன் அதையும் வெளிநாட்டு நெட்வேர்க் என்று பிடித்துக்கொள்ளும். கட்டணம் சாதாரண ரோமிங்கோடு ஒப்பிடவே முடியாது.

வட்டக்கச்சி_பெடியன்

இடையில் ஒரு கேள்வி. டுபாயில் இருக்கும் அண்ணா எனக்குப் புது சாம்சுங் ஒன்று கொண்டுவருகிறார். அது இங்கே வேலை செய்யுமா?

முதலாம்குறுக்கு

பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அண்ணாவிடம் வாசிக்கச் சொல்லுங்கள். சில சாம்சுங்கில் முதலில் அந்தப் பிராந்தியத்து சிம்மால் மொத்தம் ஐந்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வேறு நாட்டு சிம்மை ஏற்கும். அண்ணா அங்கேயே தன் சிம்மைப் போட்டு யாரோடாவது பேசிவிட்டுக் கொண்டுவந்தால் முடிந்தது.

அடுத்தது, *#06# அடித்தால் வருகிற 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை, அதாவது போனின் அடையாள எண்ணை, வாங்கிக்கொள்ளுங்கள். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த நம்பரைப் போட்டு 1909-க்கு அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28-க்குப் பிறகு பதிவில்லாத புதுப் போன்களை இங்குள்ள நெட்வேர்க்கில் சேர்ப்பதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கொண்டுவருகிறவர்கள் பதிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கயல்_கொழும்பு06

நல்ல செய்தி! மாமாவின் கம்பனி திறந்துவிட்டது. சிப்பை எடுத்துவிட்டு, தம்பியின் சிம்மை வெறுமனே போட்டுப் பார்த்தோம். உடனே நெட்வேர்க் வந்தது. கேரியர் லொக் வரியிலும் கட்டுப்பாடு இல்லை என்று வருகிறது. அம்மாவுக்குச் சரியான சந்தோஷம்.

கடைசியாக ஒன்று. பிரான்ஸ் சிம் போட்டதும் வட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று கேட்குமாமே? அப்பா எங்களை எப்படிப் பிடிப்பார்?

லாச்சப்பல்_அண்ணன்

கேட்டால் மாற்ற வேண்டாம் என்று அழுத்துங்கள். பழைய இலங்கை நம்பரிலேயே வட்ஸ்அப் ஓடும், அப்பாவுக்கு ஒன்றும் மாறாது. டுபாயில் விமானம் மாறுகிறீர்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே வட்ஸ்அப் கோல் போகாது, மெசேஜ் போகும்.

போன் புத்தகத்தில் எல்லா நம்பரையும் +94 போட்டுச் சேமியுங்கள். 077 என்று இருந்தால் பிரான்ஸ் சிம்மிலிருந்து அது இலங்கைக்குப் போகாது. அப்பாவின் போனிலும் அக்காவின் நம்பரை +33 போட்டு, முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டுச் சேமித்து வையுங்கள். அவருடைய சிம்மில் வெளிநாட்டு அழைப்பு திறந்திருக்கிறதா என்று, நீங்கள் புறப்படும் முன் அவர் கையாலேயே ஒரு தடவை அக்காவுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.